மறதிக்கார லெப்டொப்

அத்தியாயம் 4

எட்டாவது வளைவைத் தாண்டி ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, பின்னால் மலை ஒரு தரம் செருமியது. ஓட்டோவின் பின்சீட்டிலிருந்து நிஷாலினி எட்டிப் பார்த்தாள். அவர்கள் வந்த பாதையின் மேல் செம்மண் நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு சவுக்கு மரம் நின்ற நிலையிலேயே வழுக்கி வந்து, பாதைக்கு நடுவில் நின்றுகொண்டது.

“நானா, நமக்குப் பின்னால யாரோ கேட்டைச் சாத்திட்டாங்க” என்றாள்.

ஓட்டோவை ஓட்டிக்கொண்டிருந்த ஸரூக் நானா திரும்பிப் பார்க்கவில்லை. “முன்னால தொறந்திருக்கா பாரு புள்ள.”

“முன்னால மடுல்சீமை. அதுக்கு அங்கால ஆகாயம் மட்டுந்தான்.”

பதுளைக் கடைவீதியில் ஸரூக் நானாவுக்கு லெப்டொப் பழுதுபார்க்கும் கடை. பெயர்ப்பலகையில் எழுதியிருப்பது அவ்வளவுதான். தொலைந்ததைத் துப்புத் துலக்கிக் கண்டுபிடித்துக் கொடுப்பதும் அவர் தொழில் என்று எழுதாமலே ஊருக்குத் தெரியும். நிஷாலினி தெமோதரைத் தோட்டத்துக்காரி. கடையில் போன் எடுப்பது, சண்டைக்கு வருகிறவர்களைச் சிரிக்க வைத்து அனுப்புவது, நானா சாப்பிட மறந்தால் நினைவூட்டுவது எல்லாம் அவள் பொறுப்பு. கணினியைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம், எந்தப் பொத்தானை அமுக்கினால் நானா கத்துவார் என்பதுதான்.

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் நலன்புரி அதிகாரி பிலிப்பு, முந்தின நாள்தான் போன் செய்திருந்தார். மேல் டிவிசனில் பிள்ளைகள் படிக்கும் அறைக்குத் தோட்ட ஆபிஸ் ஒரு பழைய லெப்டொப்பைக் கொடுத்திருந்தது. அந்த அறையைப் பார்த்துக்கொள்ளும் அஜந்தன் என்ற இளைஞன், அதில் ஏதோ இலவச இயங்குதளத்தைப் போட்டு, உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துவிட்டானாம். அழித்ததோடு நிற்காமல், காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் நின்று ஒரு கதையும் கட்டிவிட்டானாம். ஏழாம் லயத்துக்கு மேலே மலை வெடித்திருப்பதாக ஒரு ஆய்வு அறிக்கை அந்த லெப்டொப்பில் இருந்ததாம், ஆபிஸ் அதை எட்டு மாதமாக மறைத்ததாம்.

“அப்படி ஒண்ணு இருந்ததே இல்ல. நீங்க வந்து பாத்து, ஒரு கடிதம் குடுத்தா போதும்” என்று பிலிப்பு சொல்லியிருந்தார்.

ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள் கொண்ட அந்த ஏழாம் லயத்தில் பதினெட்டுக் குடும்பம். மழை நான்காவது நாளாகப் பெய்துகொண்டிருந்தது.

*

பிலிப்பு பெரிய கறுப்புக் குடையோடு காத்திருந்தார். ஐம்பது வயது, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா. பாதை மூடிய செய்தி ஆபிஸ் போனில் அவருக்கு முன்பே வந்துவிட்டிருந்தது.

“அஜந்தனைப் பிடிக்க வர இருந்த பொலிஸ் ஜீப்பும் பசறையிலேயே நிக்குது. மண்ணை அள்ளுற மெசின் வர நாளைக்கு மத்தியானம் ஆகும். அதுவரைக்கும் நீங்க எங்க விருந்தாளி” என்றார். போனைக் கையில் எடுத்த நிஷாலினியைப் பார்த்து, “இங்க சிக்னல் இல்ல தங்கச்சி. மழை விட்டா, மாட்டுப்பட்டிக்கு மேல ஏறிப் பாக்கலாம்” என்று ஆறுதலும் சொன்னார்.

முதலில் அஜந்தனைப் பார்க்க வேண்டும் என்றார் ஸரூக் நானா. பிலிப்புவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் கூடவே வந்தார். வந்தவர், ஏழாம் லயத்தில் அவன் குடியிருந்த ஒற்றையறைக் காம்பராவின் வாசல்படியை விட்டு அசையவில்லை.

அஜந்தனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். அவனுடைய போனை ஆபிஸ் வாங்கி வைத்துக்கொண்டது. லயத்தை விட்டு அவன் வெளியே போகக் கூடாது. அவனுடைய அம்மா இருதயம்மா, வேலைக்குப் போகாமல் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். பின்சுவரில் கூரையிலிருந்து தரைவரை ஒரு வெடிப்பு. அதில் ஒரு விரலை நுழைக்கலாம். நிஷாலினி நுழைத்துப் பார்த்தாள். ஈரமும் குளிரும் விரலைக் கவ்வின. சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

காம்பராவில் எல்லாமே தொங்கிக்கொண்டிருந்தன. கலண்டர், மாதா படம், சட்டை, குடை என்று எல்லாம் கூரை உத்தரத்தில் கட்டிய கயிறுகளில் தொங்கின. தெமோதரையில் அவள் வீட்டிலும் அப்படித்தான். அதனால் அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“என்ன தம்பி நடந்துச்சு?” என்று கேட்டார் ஸரூக் நானா.

அஜந்தன் அவரைப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற குடையைப் பார்த்தான். “நான்தாங்க அழிச்சேன். புதுசு போட்டேன், பழசு எல்லாம் போயிருச்சு. ஒண்ணும் மிச்சமில்ல.”

“அறிக்கை?”

“அதுவும் போயிருச்சுங்க.”

பரீட்சைக்கு மனப்பாடம் செய்த பிள்ளை ஒப்பிப்பது போல இருந்தது அது. பிலிப்பு தலையை ஆட்டினார். இருதயம்மா மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்வையில் கோபமில்லை, பயம் மட்டுமே இருந்தது.

“அம்மா, வெடிப்பு இப்படி இருக்கே, எங்கயாவது போய் இருக்கலாமே. பெக்டரி மாடியில இடம் இருக்குமே?” என்றாள் நிஷாலினி.

“போகலாந்தான் மகள். அஞ்சு வருசத்துக்கு முன்ன கீழ் டிவிசன்ல, காத்து மழைக்குப் பயந்து பள்ளிக்கூடத்துல போய் மூணு நாள் இருந்தாங்க. திரும்பி வந்தா கதவுல வேற பூட்டு. ‘காம்பரா காலியா கெடந்துச்சு, வேற ஆளுக்குக் குடுத்தாச்சு’ன்னுட்டாங்க.” இருதயம்மா குரலைத் தாழ்த்தவில்லை. வாசலில் நிற்பவருக்கும் கேட்கட்டும் என்பது போலச் சொன்னாள். “போங்க, திரும்பி வரலாம், காம்பரா உங்களுக்குத்தான்னு ஒரு தாள் குடுத்தா, இந்த நிமிசமே போவோம். தாள் இல்லாம ஒருத்தரும் எந்திரிக்க மாட்டாங்க.”

அவர்கள் கிளம்பும்போது அஜந்தன் ஒன்று சொன்னான். “அந்த ரூம் செவுத்துல ஒரு தாள் ஒட்டியிருக்கேங்க. புள்ளைங்களுக்காக எழுதினது. அதைக் கிழிச்சிராம பாத்துக்குங்க.”

பொலிஸ் வரப்போகிறது, மலை வரப்போகிறது, இவனுக்குச் சுவரில் ஒட்டிய தாள் பற்றிக் கவலை. பாவம், பயத்தில் பிதற்றுகிறான் என்று நிஷாலினி நினைத்தாள். நானா முகத்தைப் பார்த்தாள். அவர் அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை.

*

படிக்கும் அறை ஒரு காலத்தில் உரம் வைக்கும் அறையாக இருந்தது. அந்த வாடை இன்னும் போகவில்லை. ஒற்றைக் கதவு, கம்பி போட்ட ஒரு சன்னல். பக்கத்திலேயே பிள்ளை மடுவம். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கருப்பம்மா, சாவியோடு வந்து திறந்துவிட்டாள்.

மேசையில் அந்த லெப்டொப் இருந்தது. தடித்த, பழைய காலத்து ஆசாமி. பட்டரி செத்துப் பல வருடம், மின்சார வயரில்தான் உயிர். பக்கவாட்டில் ஒரு சின்னப் பென் டிரைவ் செருகி, அதன்மேல் பிளாஸ்டர் சுற்றியிருந்தது. பிளாஸ்டரில் ‘கழற்றக் கூடாது’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது.

“இது நல்லாத்தான் வேலை செய்யுதுங்க. ஒரே ஒரு கொறைதான், மறதி. புள்ளைங்க நாள் பூரா படம் வரையுதுங்க. மறுநா காலையில தொறந்தா ஒண்ணும் இருக்காது. எல்லாத்தையும் முழுங்கிப்புடும். அதுங்க அழுகுறதைப் பாக்க முடியாது” என்றாள் கருப்பம்மா.

“எனக்குத் தெரிஞ்ச ஒரு மந்திரிக்கும் அதே வியாதி” என்றாள் நிஷாலினி. கருப்பம்மா வாயைப் பொத்திச் சிரித்தாள். பிலிப்பு பார்த்த பார்வையில், சிரிப்பையும் எடுத்துக்கொண்டு பிள்ளை மடுவத்துக்குப் போய்விட்டாள்.

ஸரூக் நானா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அந்தத் தாள், சோற்றுப் பசையால் ஒட்டியிருந்தது. கொட்டை எழுத்தில் இப்படி எழுதியிருந்தது: ‘தினமும் காலையில் செய்ய வேண்டியது. தமிழ்க் கீபோர்டைச் சேர்க்கவும். எழுத்தைப் பெரிதாக்கவும். சத்தத்தைக் கூட்டவும்.’ ‘தினமும்’ என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு.

நானா அந்தச் சொல்லை இரண்டு தரம் வாசித்தார். பிறகு லெப்டொப்பைத் திறந்து, ஐந்து நிமிடம் மௌனமாக விசைகளைத் தட்டினார். அவர் வலது காது மடலைத் தேய்த்தார். ஏதோ அகப்பட்டால்தான் அவர் காதைத் தேய்ப்பார். பிலிப்பு அவருடைய தோளுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார்.

“அழிஞ்சுதானே போயிருக்கு?” என்று கேட்டார் பிலிப்பு.

கேட்ட விதம் நிஷாலினிக்கு உறைத்தது. தொலைத்தவன் ‘கிடைக்குமா’ என்றுதான் கேட்பான். ‘கிடைக்காதுதானே’ என்று கேட்பவனை அவள் கடையில் இதுவரை கண்டதில்லை.

பிலிப்பு ஒரு கோப்பைத் திறந்து, தட்டச்சு செய்த கடிதம் ஒன்றை மேசையில் வைத்தார். ‘இந்தக் கணினியைப் பரிசோதித்தேன். இதற்குள் பழைய தரவுகள் எதுவும் இல்லை.’ கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

“பரிசோதிக்கிறதுக்கு முந்தியே முடிவு வந்திருச்சே. எங்க கடையைவிட வேகமா இருக்கே ஆபிஸ்” என்றாள் நிஷாலினி.

பிலிப்பு சிரிக்கவில்லை. “கடிதம் இல்லாம ஆபிஸ் சாமானைக் கணக்குல இருந்து கழிக்க ஏலாது. கையெழுத்தானதும் இது பெக்டரி அடுப்புக்குப் போகுது. இனி இதை வச்சுக் கதை கட்ட ஒருத்தருக்கும் இடம் குடுக்க மாட்டேன்.” வாசலில் காவல்காரன் வந்து நின்றுகொண்டான். பிலிப்பு தணிந்த குரலில் தொடர்ந்தார். “கையெழுத்துப் போட மனசில்லன்னா பரவால்ல. பாதை தொறக்கிறவரைக்கும் இந்த ரூம்லயே இருந்து யோசிங்க.”

மழை தகரக் கூரையில் கொட்டியது. நிஷாலினி சன்னல் கம்பிகளை எண்ணினாள். ஆறு. ஒவ்வொன்றும் அவள் பெருவிரல் தடிப்பு.

“நான் ஒண்ணும் அநியாயம் பண்ணல” என்றார் பிலிப்பு, யாரும் கேட்காமலே. “அவன் செஞ்சதுக்கு ஆதாரம் இருக்கு, பாருங்க.” கோப்பிலிருந்து கையால் எழுதிய கடிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். மூன்று மாதத்துக்கு முந்தையது. ‘ஆபிஸ் தந்த லெப்டொப்பில் பழைய இயங்குதளம் பழுதாகிவிட்டதால், புதிய இலவச இயங்குதளம் ஒன்றை அதில் நிறுவ அனுமதி தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அ. அஜந்தன்.’

நிஷாலினி அதை வாங்கி வாசித்தாள். “இதுக்கு நீங்க என்ன பதில் குடுத்தீங்க ஐயா?”

“பதிலா? இதுக்கெல்லாம் பதில் எழுதிக்கிட்டிருந்தா எனக்கு வேற வேலை இல்லையா? நான் ஒண்ணும் குடுக்கல. அவனே போட்டுக்கிட்டான்.”

நிஷாலினிக்கு உள்ளே ஏதோ முட்டியது. உத்தரத்தில் கயிற்றில் தொங்கிய மாதா படம் கண்ணுக்கு முன்னால் வந்தது. கலண்டரும் குடையும் வந்தன. லயத்துச் சுவர் ஆபிஸ் சொத்து. அதில் ஒரு ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் கடிதம் எழுதிக் கொடுத்து, பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். பதில் வராது. அதனால்தான் மூன்று தலைமுறையாக எல்லாம் கயிற்றில் தொங்குகின்றன. அப்படிப்பட்ட காம்பராவில் வளர்ந்த பையன், பதில் வராத கடிதத்தை வைத்துக்கொண்டு ஆபிஸ் லெப்டொப்பில் கைவைப்பானா?

அவள் ஸரூக் நானாவைப் பார்த்தாள். “நானா, எங்க தோட்டத்துல பதில் வராம ஒரு ஆணிகூட அடிக்க மாட்டாங்க” என்று சும்மா ஊர்ப் பழமை பேசுவது போலச் சொன்னாள்.

ஸரூக் நானா காது மடலை விட்டார். “அப்படியா” என்றார். பிறகு பிலிப்புவின் கடிதத்தை எடுத்து நிதானமாக வாசித்து, “கையெழுத்துப் போடுறேன் ஐயா” என்றார்.

நிஷாலினி அவரையே முறைத்தாள். ஆறு வருடமாக அவரிடம் வேலை செய்கிறாள். தண்ணீரில் விழுந்த போனுக்கு ‘தானாகப் பழுதானது’ என்று ஒரு வரி எழுதித் தரச் சொல்லி எத்தனை பேர் கெஞ்சியிருக்கிறார்கள். மனிதர் அசைந்ததே இல்லை. இப்போது பதினெட்டுக் குடும்பத்தின் தலையில் மலையை இறக்கும் பொய்க்குப் பேனாவைத் திறக்கிறார். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

“ஆனா ஒண்ணு” என்றார் நானா. “நான் சாதாரண கடைக்காரன். இதுல தோட்டத்து சீல் இல்லாட்டி, நாளைக்குப் பெரிய தொரை ‘இது என்ன தாள்’னு கேப்பாரு.”

பிலிப்பு ஆபிஸ்காரர். சீல் என்றதும் அவர் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. “அது சரி. அஞ்சு நிமிசம்.” கோப்பைக் கக்கத்தில் இடுக்கி, குடையை விரித்தார். “புள்ளைங்க வந்து தொந்தரவு பண்ணும். பூட்டிட்டுப் போறேன்” என்றார்.

வெளியே பூட்டு விழுந்தது.

*

“நானா, நீங்க அதுல கையெழுத்துப் போட்டா நான் இன்னையோட வேலையை விடுறேன்” என்றாள் நிஷாலினி.

“போடத்தான் போறேன். முதல்ல அந்தத் திருப்புளியை எடு.” அவர் லெப்டொப்பை நிறுத்திக் கவிழ்த்து வைத்திருந்தார். “இந்த மறதி என்னா மறதின்னு வெளங்குதா?”

“எனக்கு இப்ப ஒண்ணும் வெளங்கல.”

“புதுசா இயங்குதளம் போடுறதுன்னா, அந்த வீட்டுல குடிபோற மாதிரி. பழைய சாமானை வெளியில வீசிட்டு நம்மட பெட்டியை அவிழ்க்கணும். இந்தப் புள்ள குடிபோகவே இல்ல. பென் டிரைவ்ல இருந்து ஓட்டுறான். காலையில விருந்தாளி மாதிரி வந்து, பெட்டியைத் தொறக்காம இருந்து, பின்னேரம் போயிர்றது. அதுதான் தினமும் கீபோர்ட் சேர்க்க வேண்டியிருக்கு, படங்களும் நிக்கிறதில்ல.” இரண்டு திருகாணி கழன்று அவர் உள்ளங்கையில் விழுந்தன. “வீடு அப்படியே இருக்கு. பழைய சாமான் ஒண்ணையும் தொடல.”

மூடியை நீக்கி, தீப்பெட்டிகள் நான்கைப் பக்கம் பக்கமாக வைத்தது போன்ற ஒரு தகட்டை இழுத்து எடுத்தார். “ஹார்ட் டிஸ்க். அறிக்கை இதுக்குள்ள.”

நிஷாலினி மலைத்துப்போய் நின்றாள். “அப்ப ஏன் அவன் அழிச்சேன் அழிச்சேன்னு சொன்னான்?” கேட்டு முடிக்கும் முன்னரே அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது. அழியவில்லை என்று பிலிப்புவுக்குத் தெரிந்திருந்தால், லெப்டொப் அன்றைக்கே அடுப்புக்குப் போயிருக்கும். அதைக் காப்பாற்றத்தான் அவன் செய்யாத குற்றத்தைத் தலையில் போட்டுக்கொண்டான். சுவரில் ஒரு தாளை விட்டுவிட்டு, அதை வாசிக்கத் தெரிந்த ஒருவர் வரட்டும் என்று காத்திருந்தான்.

“ஐயோ நானா, அவர் வந்து போட்டுக் காட்டச் சொன்னா? குடலை உருவி எடுத்தாச்சே.”

“சோத்துப் பெட்டியைத் தொற.”

காலையில் அவள் கட்டிக்கொண்டு வந்த தேங்காய் ரொட்டி அப்படியே இருந்தது. டிஸ்க்கைப் பொலித்தீனில் சுற்றி, இரண்டு ரொட்டிக்கு நடுவில் வைத்து, மேலே கட்டச் சம்பல் பொட்டலத்தைப் போட்டு மூடினாள். நானா மூடியைத் திருகி முடிக்கவும் பூட்டு திறக்கவும் சரியாக இருந்தது.

பிலிப்பு நனைந்திருந்தார். சீல் மட்டும் நனையாமல் சட்டைக்குள் பத்திரமாக இருந்தது. அவர் கடிதத்தில் கைவைக்கவில்லை. லெப்டொப்பை ஒரு நிமிடம் பார்த்தார். “நிறுத்திட்டீங்களா? திரும்பப் போடுங்க பாப்பம்” என்றார்.

நிஷாலினி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நானா பொத்தானை அமுக்கும் சத்தம் கேட்டது. மின்விசிறி முனகியது. அவள் மனதுக்குள் மாதாவைக் கூப்பிட்டாள், ஜெபத்தின் பாதியில் சொற்கள் மறந்துபோயின. மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு அந்தப் பழைய ஸ்பீக்கரிலிருந்து ஒரு சின்ன மணியோசை வந்தது.

திரும்பிப் பார்த்தாள். திரையில் அதே நீலப் படம், அதே சின்னங்கள். ஒன்றும் நடக்காதது போல லெப்டொப் விழித்துக்கொண்டிருந்தது. விருந்தாளி பென் டிரைவில்தானே இருக்கிறார். வீட்டையே தூக்கிக்கொண்டு போனாலும் அவருக்கு என்ன?

“அதே மாதிரித்தான் இருக்கு” என்றார் பிலிப்பு. அவர் தோள் தளர்ந்தது. சோற்றுப் பெட்டியின் மேல் கண் போனது. “அது என்ன?”

“ரொட்டி. எடுங்க ஐயா, ரெண்டு இருக்கு. சம்பல் கொஞ்சம் உறைப்பு” என்று நிஷாலினி பெட்டியைத் திறந்து நீட்டினாள்.

பிலிப்பு ரொட்டியைப் பார்த்தார். “வேணாம், அல்சர்” என்றார்.

ஸரூக் நானா கடிதத்தை இன்னொரு தரம் சத்தமாக வாசித்தார். “‘இதற்குள் பழைய தரவுகள் எதுவும் இல்லை.’ உண்மைதான் ஐயா” என்று சொல்லி, அழகாகக் கையெழுத்துப் போட்டார். நிஷாலினி இருமி முகத்தை மறைத்துக்கொண்டாள். சீல் விழுந்தது. காவல்காரன் லெப்டொப்பைச் சாக்கில் போட்டு, அடுப்பை நோக்கி நடந்தான்.

*

இருதயம்மாவின் காம்பராவில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கருவிப் பையிலிருந்து நானாவின் சொந்த லெப்டொப் வந்தது, ரொட்டிக்குள்ளிருந்து டிஸ்க் வந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு வயர். அஜந்தன் சம்பல் ஒட்டியிருந்த அந்தத் தகட்டைப் பார்த்துவிட்டு, தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

“எல்லாம் என் வாயாலங்க. முந்தா நாள் பின்னேரம் பழைய போல்டரைத் தொறந்து பாத்தேன். கண்ணுல பட்டதும் ஒரு கொப்பி எடுத்திருக்கணும். எடுக்காம, மறுநா காலையில பெரட்டுல போய் ஒளறிட்டேன். திரும்பி வாறதுக்குள்ள ஐயா ரூம்ல நிக்கிறாரு. அழிச்சிட்டேன்னு சொன்னாத்தான் அது பொழைக்கும்னு தோணுச்சு” என்றான்.

“நீ கெட்டிக்காரன்” என்றார் ஸரூக் நானா. அவர் அப்படிச் சொல்லி நிஷாலினி கேட்டதில்லை. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அறிக்கை திறந்தது. படங்கள், மலையின் வரைபடம், அதில் ஒரு சிவப்புக் கோடு. கோடு ஏழாம் லயத்தின் முதுகுக்குப் பின்னால் ஓடியது. பெக்டரி கல்லின் மேல் நிற்கிறது, அங்கே ஆபத்தில்லை என்றும் எழுதியிருந்தது. கடைசிப் பக்கம், தோட்டத்துப் பெரிய துரை பிலிப்புவுக்குத் தமிழில் எழுதிய ஒரு கடிதம். ‘தொடர்ந்து இரண்டு நாள் கடும் மழை பெய்தால் பதினெட்டுக் குடும்பங்களும் பெக்டரி மாடிக்குப் போக வேண்டும். அவர்களுடைய காம்பராக்கள் அவர்கள் பெயரிலேயே இருக்கும். இதைப் பெரட்டுக் களத்தில் வாசித்துக் காட்டவும்.’ அதன் கீழே எட்டு மாதத்துக்கு முந்தைய திகதி, ‘பெற்றுக்கொண்டேன்’ என்ற சொல், பிலிப்புவின் கையெழுத்து.

அவர்கள் காத்திருந்த தாள் அதுதான். எட்டு மாதமாக அது அவர்களுடைய பிள்ளைகள் படம் வரைந்த பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கிறது.

அச்செடுக்க வழியில்லை. நிஷாலினி திரையைப் பார்த்துக் கொப்பியில் எழுதினாள், கடிதத்தில் இருந்த பதினெட்டுக் குடும்பப் பெயரையும் விடாமல் எழுதினாள். அஜந்தன் லெப்டொப்பைத் துண்டால் மூடி எடுத்துக்கொண்டு, பட்டரி இருக்கும்வரை வாசல் வாசலாகக் காட்டப் போனான். ஸரூக் நானா அவனுக்குக் குடை பிடித்தார். சிலர் மூட்டை கட்டத் தொடங்கினார்கள். சிலர் வாசலில் நின்று, அடுத்தவன் முதலில் போகட்டும் என்று பார்த்தார்கள்.

“அந்தத் தாளை இங்க குடு மகள். நாங்க இல்லாத நேரம் பூட்டை மாத்த வாறவன், மொதல்ல இதைப் படிக்கட்டும்” என்றாள் இருதயம்மா.

அரிசி டின்னுக்கு அடியிலிருந்து, கூரையிலிருந்து எப்போதோ கழன்று விழுந்த ஒரு பழைய ஆணியை எடுத்தாள். கதவுக்குப் பக்கத்துச் சுவரில் தாளை வைத்தாள். நிஷாலினி சுத்தியலைத் தேடிப் பையைத் திறந்தபோது, இருதயம்மா “வேணாம்” என்றாள். அவள் குரல் மாறியிருந்தது.

அந்த நேரம்தான் பிலிப்பு மூச்சிரைக்க ஓடி வந்தார். மூட்டைகளைப் பார்த்தார், அஜந்தன் கையிலிருந்த வெளிச்சத் திரையைப் பார்த்தார், அதில் தன் கையெழுத்தையும் பார்த்தார். கடைசியில், முப்பது வருடப் பழக்கம் வாயில் வந்தது.

“யாரைக் கேட்டு செவுத்துல ஆணி அடிச்சீங்க?”

இருதயம்மா விலகி நின்றாள். “அடிக்கலங்க ஐயா. வச்சு அமுக்கினேன், போயிருச்சு.”

பிலிப்பு பிறந்தது அந்த லயத்தில்தான், பன்னிரண்டாம் காம்பராவில். அந்தச் சுவரின் உறுதி அவருக்குத் தெரியும். கிட்டே வந்து, தாளுக்குப் பக்கத்தில் சுவரில் தன் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரல் முதல் கணுவரை உள்ளே போனது. எடுத்தபோது அந்தக் குழியிலிருந்து சேறு கலந்த நீர் வழிந்தது.

அவர் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். குடை கையிலிருந்து நழுவியது. பிறகு ஓடிப் போய், பக்கத்துக் கதவை இரண்டு கையாலும் அறையத் தொடங்கினார். “வெளிய வாங்க, எல்லாரும் வெளிய வாங்க” என்ற அவருடைய குரல், லயத்தின் கடைசிக் காம்பராவரை கேட்டது.